ஈரத்துக்குக் கழிவு

விடியற்காலை நாலே முக்காலுக்கு
எனக்கு இரவு தொடங்குகிறது.
போகவந்தலாவை மேல்பிரிவு, ஆறாம் காம்பிரா.
ஒரு மேசை, இரண்டு திரை, கம்பளி,
தகரத்தில் ஜூன் மழை.
பொத்தானை அழுத்துகிறேன்.
பதினாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்
சிலியின் பாலைவன மலையொன்றில்
குவிமாடம் திறக்கிறது.
அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது.
கேட்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்
அண்ணி ரொட்டி தட்டும் சத்தம்.

ஹட்டன் வங்கியில் படிவம் நிரப்பியவன் கேட்டான்:
தொழில்?
தொலைநோக்கி இயக்குவது. இராவேலை.
செக்யூரிட்டி என்று எழுதினான்.
திருத்தவில்லை. யோசித்தால் சரிதான்,
யாரும் திருட வராத ஒன்றுக்குக் காவல்.

எங்களுடையது சின்னது, ஒன்றரை மீற்றர்க் கண்ணாடி.
எட்டிப் பார்த்தால் பரனால் உச்சி தெரியும்:
எட்டு மீற்றரில் நாலு, துரை பங்களா மாதிரி.
அதற்குப் பக்கத்து மலையில்
முப்பத்தொன்பது மீற்றரில் ஒன்று
இன்னும் கட்டிமுடிந்தபாடில்லை.
ஹபிளும் வெப்பும் கொழும்புக் கம்பனிக்காரர்,
தோட்டத்துக்கு இறங்கி வரமாட்டார்கள்.
அவை படம் பிடித்தால் பத்திரிகையில் வரும்.
நாங்கள் கணக்கெடுக்கிறவர்கள்.
ஒரே நட்சத்திரம், நாற்பது வினாடிக்கு ஒரு படம்,
வெளிச்சம் நூற்றில் ஒன்று குறைகிறதா என்று.
குறைந்தால், அதன் முகத்துக்கு முன்னால்
ஒரு கோள் நடந்துபோகிறது.

பேராதனையில் பௌதிகம்,
பிறகு மூன்று வருடம் டியூஷன்,
நாற்பத்தொரு விண்ணப்பம்.
நாற்பது பேர் வருந்தினார்கள்.
கடைசி ஆள் கேட்டது ஒன்றுதான்:
உங்களால் விடியுமுன் எழும்ப முடியுமா?
லயத்தில் பிறந்தவளிடம்!

வருடத்துக்கொரு தடவை
என் சொந்த ஆராய்ச்சிக்கும் நேரம் கேட்கலாம்.
ஆறு இரவு கேட்டேன், மூன்று தந்தார்கள்.
அரைப்பேர், என்றாள் அண்ணி புஷ்பராணி,
நான் விளக்கி முடிக்கும் முன்பே.

மூடியைப் போட்டுவிட்டு
இருட்டையும் படம் எடுப்போம்.
கருவியின் சொந்த இரைச்சல் அதில் கிடக்கும்.
அதை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழிப்பேன்.
எவ்வளவு, எதற்கு என்று எழுதிவைப்பது விதி.
உலகத்தில் யாரும் வந்து கேட்கலாம்.

நேற்று மடுவத்தில்
புஷ்பராணியின் கொழுந்தில் மூன்று கிலோ போனது.
சாக்குக்கு ஒன்று,
ஈரத்துக்கு இரண்டு.
புத்தகத்தில் விழுந்தது பதினாறு மட்டும்.
பதினெட்டு இல்லை, ஆகவே அரைப்பேர்.

இன்று அங்கே ஈரப்பதம் எண்பத்திரண்டு.
எண்பதைத் தாண்டினால் மூட வேண்டும்,
கண்ணாடி நனையக் கூடாது.
மூடினேன். பதிவேட்டில் எழுதினேன்:
வானிலை. இழப்பு நான்கு மணிநேரம்.
அவதானிப்பாளர் க. யோகமதி.
இதற்காகக் கண்ணாடிக்கும் வெட்டு இல்லை, எனக்கும் இல்லை.

ஜன்னலில், நாலாம் நம்பர் மலையில்
பொலித்தீன் போர்த்திய முதுகுகள்
மழைக்குள் நிரை பிடித்துப்
போய்க்கொண்டிருந்தன.
அவர்களின் எண்பது எங்கே இருக்கிறது என்று
எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன்.
முதலில் வெறும் சாக்கை நிறுங்கள் என்றேன்,
நனைந்த சாக்கை, ஒன்றும் போடாமல்.
கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.
நீ யார் இதைக் கேட்க?
செக்யூரிட்டி என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
பின்னால் நின்ற பெண்கள் ஒருவரும் நகரவில்லை.

முள் ஆடி ஆடி நின்றது.
எழுநூறு கிராம்.
புஷ்பராணி உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள்.
ஈரத்தில் பேனா பிடிக்கவில்லை;
தாவணி நுனியால் கையைத் துடைத்து
இரண்டாம் தரமும் எழுதினாள்,
தேதியோடு.